சூளைக்குப் போகாத சீட்டு

அத்தியாயம் 9

எதிரில் ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது சுல்தானாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் சிரித்துத் தொலைத்தாள்.

"மன்னிச்சுக்கம்மா. வாய் முந்திக்கிச்சு," என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த சீட்டை மறுபடி பார்த்தாள். மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்த முறை அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

சீட்டில் ஒரு ராஜா நின்றிருந்தான். மீசையும் வாளும் கச்சிதமாக இருந்தன. கிரீடத்துக்கும் தலைக்கும் நடுவில் மட்டும் ஒரு கொத்து முடி தனியாகப் பறந்துகொண்டிருந்தது. கீழே கட்டம் கட்டி எழுதியிருந்தது.

'வழுக்கை வேந்தன். பலம்: 7. பலவீனம்: காத்தடிச்சா இவரு இங்க நிப்பாரு, முடி மட்டும் பஸ்ஸு ஏறிடும்.'

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஹார்டுவேர் கடை மாடியில் இருந்தது குருமூர்த்தி துப்பறியும் நிலையம். பெயரைப் பார்த்துக் கொலை, கொள்ளை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பத்தில் ஒன்பது கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏதாவது நோய் நொடி உண்டா என்று அக்கம்பக்கத்தில் கிண்டிக் கிளறி எழுதிக் கொடுக்க வேண்டும். கிளறுவது குருமூர்த்தி. அதை டைப் அடிப்பதும், ஸ்கூட்டர் ஓட்டுவதும், ஓயாமல் பேசுவதும் சுல்தானா. ஆறு வருஷமாக இந்த ஏற்பாடு.

"இது வந்தப்புறம் நந்தகுமார் அண்ணன் விக்கைத் தூக்கிப் போட்டுட்டு மொட்டை அடிச்சிக்கிட்டாரு," என்றாள் எதிரில் இருந்தவள். பெயர் கயல்விழி, ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். "ஆபீஸுல எல்லாரும் 'பஸ்ஸு எத்தன மணிக்கு'ன்னு கேக்கறாங்களாம். இப்ப கிளப்புக்கே வர்றதில்ல. இது ரெண்டாவது, பாருங்க."

இரண்டாவது சீட்டில் ஒரு வீரன் கேடயத்துக்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்திருந்தான். 'தட்டு மன்னன். பலம்: 5. பலவீனம்: துபாயில இவரு கை படாத தட்டே கிடையாது.'

"இஜாஸ்," என்றாள் கயல்விழி. "அங்க சூப்பர்வைசரா இருக்கேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தாரு. பொண்ணு வூட்டுக்கும் அதான் சொல்லியிருந்தாரு. கார்டு வந்த மூணாம் நாள் நிச்சயம் நின்னுபோச்சு. லீவு முடியறதுக்கு முன்னாலயே பிளைட் ஏறிட்டாரு."

ஜன்னலோரம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார் குருமூர்த்தி. ஐம்பது தாண்டிய, ஒல்லியான மனிதர். அவர் சிரிக்கவில்லை.

"எப்படி இருக்கு, சுல்தானா?" என்றார்.

"எழுதினவன் படுபாவி சார். ஆனா நல்ல கை. டிவியில வர்றவன் எவன்கிட்டயோ திருடியிருப்பான், எங்கியோ கேட்ட மாதிரியே இருக்கு."

குருமூர்த்தி அவளைத் தேவைக்கு மேல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "விளையாட்டை முதல்லேர்ந்து சொல்லும்மா," என்று கயல்விழி பக்கம் திரும்பினார்.

விஷயம் இதுதான். ஜப்பானிலிருந்து வரும் ஒரு சீட்டு விளையாட்டுக்கு இந்த ஊரில் இருபது பேர் ரசிகர்கள். அசல் சீட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அதே விதிகளை வைத்துத் தாங்களே சீட்டு வரைந்து, 'மணிமுத்தா மோதல்' என்று பெயர் வைத்து விளையாடுகிறார்கள். ஆற்று முதலை, கேட் கீப்பர் பூதம், கரும்பு லாரி ராட்சசன் என்று எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. புதுச் சீட்டு யோசனை உள்ளவர்கள், வரைந்து, பெயர் போடாமல் ஒரு பெட்டியில் போட வேண்டும். ஞாயிறு பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறந்து உரக்கப் படிப்பார்கள். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் அந்தச் சீட்டு ஆட்டத்தில் சேரும். நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று.

"பேர் போடாத பெட்டி யாரோட யோசனை?" என்றார் குருமூர்த்தி.

"என்னோடதுதான் சார்." கயல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த ரெண்டு கார்டுக்கும் நானும் கை தூக்கினேன். நல்லா சிரிச்சிட்டுத்தான் தூக்கினேன். அதனாலதான் இப்ப பெட்டியை நிறுத்துங்கன்னு சொன்னா, 'அன்னிக்கு உனக்கு இனிச்சுச்சே'ன்னு கேக்கறாங்க."

மூன்றாவது சீட்டை எடுத்து வைத்தாள். அதில் இருந்தது அவள் முகமேதான். ராணி வேஷம் போட்டிருந்தது. பலவீனம் என்ற கட்டத்தில் 'அடுத்த ஞாயிறு' என்று மட்டும் எழுதியிருந்தது. போன ஞாயிறு பெட்டியில் வந்ததாம்.

"இன்னிக்குப் பதினோரு மணிக்கு மீதி வந்துடும் சார். அடுத்த வாரம் கொளஞ்சியப்பர் கோயில்ல எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலகிருஷ்ணன், சேத்தியாத்தோப்பு. இன்னிக்கு எங்க ஆட்டத்தைப் பாக்க வர்றாரு. நானே வரச் சொல்லியிருந்தேன். என்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், நானே சொல்லிட்டேன். ஆனா அவங்க அம்மாவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. அது என்னன்னு உங்ககிட்ட கூட..."

"சொல்ல வேணாம்," என்றார் குருமூர்த்தி சட்டென்று.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டியாம்மா?" என்றாள் சுல்தானா. அந்தக் கோயிலில் குறையை மனுவாக எழுதி வேலில் கட்டினால் முருகன் தீர்ப்புச் சொல்வான் என்று ஊரே நம்பும்.

"கட்டிட்டேன்க்கா."

"அப்ப நாங்கதான் அப்பீல் கோர்ட்டா?"

கயல்விழி சிரிக்கவில்லை. "இந்தக் கார்டுங்க எங்க பிளாஸ்டிக் உறையிலயே நுழைய மாட்டேங்குது," என்றாள், வேறு ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக. "இதுக்குன்னு பெரிய உறை வாங்கிப் போட்டு வச்சிருக்காங்க எல்லாரும்."

குருமூர்த்தி ஜன்னலை விட்டு வந்தார். கிளப்பின் சாதாரணச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ராஜாவின் மேல் வைத்தார். சுற்றிலும் ராஜா எட்டிப் பார்த்தான். மேஜையில் கிடந்த பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து அளக்க ஆரம்பித்தார். கிளப் விதிப்படி சீட்டின் அகலம் ஆறு புள்ளி மூன்று சென்டிமீட்டர். இது ஏழு. ஓரக் கட்டம் ஒன்பது மில்லி இருக்க வேண்டும். இது பத்து. பலம் எழுதும் பெட்டி பதினெட்டு, இது இருபது.

"ஜெராக்ஸ்ல பெருசு பண்ணியிருப்பான் சார்."

"இது அசல், பேனா மசி. தடவிப் பாரு, கையில ஒட்டும். கையால அளந்து கோடு போட்டிருக்கான்." குருமூர்த்தி ஸ்கேலைக் கீழே வைத்தார். "அவசரத்துல அளக்கறவன் ஒரு இடத்துல தப்புப் பண்ணுவான். இவன் எல்லா இடத்துலயும் அதே தப்பைப் பண்ணியிருக்கான். இது தப்பு இல்ல, பழக்கம்."

"ஒம்பதைப் பத்தாக்குற பழக்கமா? எங்க வூட்டுல பொண்ணு பாக்க வந்தப்ப என் வயசைக் குறைச்சுச் சொன்னாங்க. கூட்டிச் சொல்ற ஆளை நான் பாத்ததில்ல."

"வண்டியை எடு," என்றார் குருமூர்த்தி. படி இறங்கும்போது, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரிக் கேட்டார். "போகிக்குப் பழைய ரஃப் காப்பியெல்லாம் எரிக்கச் சொன்னேனே, எரிச்சாச்சுல்ல?"

"அதெல்லாம் போன வருஷமே ஆச்சு சார்," என்றாள் சுல்தானா. அது முழு உண்மை இல்லை. முழு உண்மை பேசும் வழக்கம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் கிடையாது.

*

பட்டறைகள் வரிசையாக இருக்கும் பீங்கான் பேட்டை வாசலில் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று சூளைக்குச் சொன்னால் அது கேட்காது, மூட்டினால் மூட்டியதுதான். அதனால் சூளை அடுக்குகிற தனக்கோடி வேலைக்கு நடுவில் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கைகளில் முழங்கை வரை வெள்ளை மண்.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்று குருமூர்த்தி பக்கத்தில் போய் நின்றார். "ஒம்பது இஞ்சு பொம்மை ஒண்ணு வேணும்னா, அச்சு எத்தன இஞ்சுக்குப் போடுவாங்க?"

"பத்து இஞ்சுக்குப் போடணும்," என்றாள் தனக்கோடி. பச்சைக் குழந்தைக்குப் பாடம் நடத்துகிற முகம். "மண்ணு பச்சையா இருக்கறப்ப பெருசாத்தான் இருக்கும். சூளைக்குப் போயி வந்தா சுருங்கிடும். முன்னாடியே கூட்டிப் போட்டாத்தான் கடைசியில அளவு சரியா வரும்."

"எங்க சம்பளமும் அப்பிடித்தான்க்கா," என்றாள் சுல்தானா. "பச்சையா சொல்றப்ப பெருசாத்தான் இருக்கும்."

"எல்லாப் பட்டறையிலயும் ஒம்பதுக்குப் பத்துதானா?" குருமூர்த்தி விடவில்லை.

"அதெப்படி? கப்பு மண்ணு வேற, கரண்டு பியூஸ் கட்டை மண்ணு வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. ஒம்பதுக்குப் பத்துன்னா அது பொம்மை மண்ணு. அச்சு போடுறவரு ஒவ்வொரு வாட்டியும் மனசுல கணக்குப் போட்டுட்டு இருப்பாரா? தனக்குன்னு ஒரு ஸ்கேலு செஞ்சு வச்சிருப்பாரு, கோடே தள்ளித் தள்ளிப் போட்டிருக்கும். அதால ஒம்பதுன்னு அளந்தா நெசத்துல பத்து இருக்கும்."

சுல்தானா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். குருமூர்த்தியைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸைக் கழுவுகிற தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்மைக்கு அச்சு போடுறது யாருக்கா?"

"இங்க ஒரே ஆளுதான். பழமலைநாதன் அண்ணன், கடைசி ஷெட்டு. இன்னிக்கும் இருப்பாரு. வூட்டுக்குப் போயி யார்கிட்ட பேசப் போறாரு, பாவம்."

*

கடைசி ஷெட்டில் வர்ணம் பூசாத இருநூறு பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, பிளாஸ்டர் அச்சு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார் பழமலைநாதன். ஐம்பது வயது இருக்கும். வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து, உட்கார ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்த விதத்தில், இந்த ஆளா அந்த வேலையைச் செய்தது என்று சுல்தானாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஸ்கேலு ஒண்ணு இரவல் வேணும்," என்றார் குருமூர்த்தி.

பழமலைநாதன் காதில் செருகியிருந்த பென்சிலோடு சேர்த்து, சட்டைப் பையிலிருந்து ஓர் அலுமினியப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். கோடும் எண்ணும் கையால் வெட்டியிருந்தது. குருமூர்த்தி தன் பள்ளிக்கூட ஸ்கேலை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அலுமினியத்தின் ஒன்பது, பள்ளிக்கூடத்தின் பத்தில் போய் நின்றது.

வழுக்கை வேந்தனை எடுத்து மேஜையில் வைத்தார். "இது அளவு தப்பா இருக்குண்ணே. உறையில நுழைய மாட்டேங்குதாம்."

"தப்பா?" பழமலைநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறு மூணு, எட்டு எட்டு. ரெண்டு தடவை அளந்து போட்டேனே! நீங்களே வச்சுப் பாருங்க!" சீட்டின் மேல் பட்டையை வைத்துக் காட்டினார். ஆறு புள்ளி மூன்று. கனக்கச்சிதம்.

பழமலைநாதன் பட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். அவர் கை மெதுவாகப் பின்னால் போயிற்று.

"பேப்பரு சூளைக்குப் போகாதேண்ணே," என்றாள் சுல்தானா. "போயிருந்தா சரியா வந்திருக்கும்."

மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மறுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சீட்டுகள், எல்லாமே அளவு பெரிய சீட்டுகள்.

"நாப்பத்தோரு கார்டு. மூணு வருஷமா பெட்டியில போட்டேன். இது பாருங்க, 'பச்சை மண் காவலன்'. முதல்ல பலமே கிடையாது. நெருப்புக் கார்டால அடி வாங்கினாத்தான் பலம் வரும். யாராச்சும் இப்பிடி யோசிச்சிருக்காங்களா? ஒருத்தன் கை தூக்கல. பேரு இல்லாததால யாரோடதுன்னும் யாருக்கும் தெரியாது. அந்தக் கயல்விழிப் பொண்ணு, 'இது கார்டா செங்கல்லா'ன்னு கேட்டுச்சு. வூட்டுக்குப் போற வரைக்கும் சிரிப்புச் சத்தம் காதுல இருந்துச்சு. அப்புறம் இந்த வழுக்கை வேந்தனைப் போட்டேன். எல்லாரும் கை தூக்கினாங்க. இப்ப என் கார்டுக்குன்னு தனியா உறை வாங்குறாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதைப் பார்க்கச் சுல்தானாவுக்கு ஆத்திரமாக வந்தது.

"அதுக்கு ஊரான் வூட்டுக் குடியைக் கெடுப்பீங்களா? ஒருத்தனுக்கு நிச்சயம் நின்னுபோச்சு. இன்னொருத்தரு தெருவுல தலைகாட்ட முடியல. வெக்கமா இல்ல? அடுத்தவன் ரகசியத்தைத் தேடித் தேடி மோப்பம் புடிச்சு..."

"நான் ஒண்ணும் தேடலம்மா. அதுவா வந்துச்சு." பழமலைநாதன் மூலையைக் காட்டினார். அங்கே பொம்மைகளைச் சுற்றிக் கட்டுவதற்காகப் பழைய பேப்பர் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. "பேப்பர் கடையிலேர்ந்து எடைக்கு எடுப்போம். போன வருஷம் பொங்கலுக்கு முன்னால வந்த மூட்டையில இது இருந்துச்சு. பேரு இல்ல, நம்பருதான். ஆனா தெரு, வேலை, அப்பா என்ன பண்றாரு, எல்லாம் இருந்துச்சு. இந்த ஊருல அது போதாதா?"

டப்பாவின் அடியிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார்.

முதல் தாளைக் கையில் வாங்கும்போதே சுல்தானாவுக்குத் தெரிந்துவிட்டது. தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அவர்கள் அலுவலகப் பிரிண்டரின் வியாதி அது. 'விசாரணை எண் 212.' அடியில், அறிக்கையெல்லாம் முடிந்த பிறகு, முதலாளி படித்துச் சிரிக்கட்டும் என்று அவள் வழக்கமாகத் தட்டிவைக்கும் ஒரு வரி. அதைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தது. அடித்ததற்குக் கீழே எழுத்து நன்றாகவே தெரிந்தது.

காத்தடிச்சா இவரு இங்க நிப்பாரு, முடி மட்டும் பஸ்ஸு ஏறிடும்.

ஆறு வருஷத்தில் எத்தனை நூறு வரி எழுதியிருப்பாள்! எழுதிய மறுநாள் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்ததில்லை. போகிக்கு எரிக்கச் சொன்ன ரஃப் காப்பிக் கட்டை எரிக்கச் சோம்பல்பட்டு, வழியில் இருந்த பேப்பர் கடையில் தள்ளிவிட்டு வந்ததும் அவள்தான். இரண்டாவது தாள் துபாய். மூன்றாவது தாளைத் திருப்ப அவளுக்குக் கை வரவில்லை. குருமூர்த்திதான் திருப்பினார். எப்போதோ வேறொரு மாப்பிள்ளை வீட்டாருக்காக எழுதியது.

'எண் 260. பெண், டிராயிங் ஆசிரியை. சிறு வயது முதல் வலிப்பு. மாத்திரை தொடர்கிறது.' அதன் கீழே சிவப்புக் கோட்டுக்கு அடியில்:

கட்டிக்கிறவன் தாலியோட ஒரு பியூஸ் கட்டையும் சேத்து வாங்கிக்கணும்.

சுல்தானா அந்தத் தாளை வாங்கி, நான்காக மடித்துத் தோள் பைக்குள் போட்டாள். வெட்கம் என்றால் இப்படி உடம்பெல்லாம் கொதிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"படந்தான் என்னோடது," என்றார் பழமலைநாதன். "எனக்குச் சிரிப்பா எழுத வராது. வந்திருந்தா நாப்பத்தோரு கார்டு வீணாப் போயிருக்குமா? எழுதினது யாரோ, நல்ல கைம்மா."

காலையில் அவளே சொன்ன வார்த்தை.

"இந்த வரி போட்ட கார்டு எங்கண்ணே?" என்று குருமூர்த்தி கேட்டார்.

"நேத்து சாயங்காலமே பெட்டியில போட்டுட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது.

*

ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சுல்தானா நாலாவது தடவையாகக் கயல்விழிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"முதல் கார்டைப் பாத்ததுமே," என்றார் பின்சீட்டில் இருந்த குருமூர்த்தி. "அந்த வரியைச் சிவப்புல அடிச்சது நான். அடிக்கறதுக்கு முன்னால வயிறு வலிக்கச் சிரிச்சேன். அதான் மறக்கல. பேப்பரு நம்மளோடதுன்னு தெரியும், யாரு கைக்குப் போச்சுன்னுதான் தெரியல."

"காலையிலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு ஜோக்கு அடிச்சிருப்பே. நீயே கண்ணால பாக்கட்டும்னு நெனச்சேன்."

"நல்லா பாத்துட்டேன் சார்," என்றாள் சுல்தானா. கடைசிப் பெட்டி போய், கேட் தூக்கும் வரைக்கும் அவள் வேறு எதுவும் பேசவில்லை. ஆறு வருஷத்தில் குருமூர்த்தி இப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை.

கிளப் இருந்தது ஒரு கூல்டிரிங்ஸ் கடை மாடியில். இவர்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று பத்து. ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இருபது பேர் சேர்ந்து சிரித்தால் கேட்கிற சத்தம் அல்ல. முதல் அலை முடிந்து, அடக்க முடியாத இரண்டு மூன்று பேர் மிச்சம் சிரிப்பதுதான் அது.

கயல்விழி கீழேயே நின்றிருந்தாள், கூல்டிரிங்ஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில். கையில் சீட்டு இருந்தது.

"படிச்சாச்சுக்கா," என்றாள். "நானே படிச்சேன். யாரு எடுக்கறாங்களோ அவங்கதான் உரக்கப் படிக்கணும், அதான் ரூலு. என் கைக்குத்தான் வந்துச்சு."

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"போயிட்டாரு. சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு அனுப்பிட்டேன். கல்யாணம் வேணாம்னும் சொல்லிட்டேன்."

"அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியும்னு சொன்னியே!"

"தெரியும்க்கா. வலிப்பு வரும்னு நான் சொன்னப்ப என் கையைப் புடிச்சிட்டு அழுதாரு. வூட்டுல நான் பேசிக்கிறேன்னு சொன்னாரு." அவள் சீட்டைப் பார்த்தாள். "இதைப் படிச்சதும் சிரிச்சுட்டாரு. முதல்ல சிரிச்சது அவருதான். உடனே வாயைப் பொத்திக்கிட்டாரு, மன்னிப்பெல்லாம் கேட்டாரு. நல்ல மனுஷந்தான். ஆனா இனிமே எனக்கு வலிப்பு வந்து முழிச்சுப் பாக்கறப்பல்லாம், அவரு மனசுக்குள்ள இந்த வரி ஓடுமேக்கா. அதை எப்படி நிறுத்துவேன்?"

குருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "படம் போட்டது பழமலைநாதன்மா. ஒத்துக்கிட்டாரு."

கயல்விழிக்கு அது பெரிய ஆச்சரியமாகப் படவில்லை. "அவரு கார்டுன்னு தெரியாம கிண்டல் பண்ணி, அவரை நான் ஒரு நாள் அழ வச்சேன். இப்ப அவரு என்னை அழ வச்சிட்டாரு, தொலையட்டும். ஆனா இந்த வரி அவரோடது இல்ல சார். அவருக்கு இப்பிடி எழுத வரவே வராது. இதை எழுதினது யாரு?"

குருமூர்த்தி ஸ்கூட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சுல்தானா ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான்," என்றாள். "நான்தான் எழுதினேன்."

கயல்விழி அவளையே பார்த்தாள். பிறகு, அழுத முகத்தோடு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"போங்கக்கா! நீங்க என்னைப் பாத்ததே இன்னிக்குக் காலையிலதான். இந்த நேரத்துலயும் உங்களுக்கு ஜோக்குதானா?" சுல்தானாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "பரவால்ல, நல்லாருந்துச்சு. கொஞ்சம் மனசு லேசாச்சு."

சுல்தானா இன்னொரு கையைத் தோள் பைக்குள் விட்டாள். நான்காக மடித்த தாள் விரலில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் போதும். கையைப் பிடித்திருந்தவளின் உள்ளங்கை சூடாக இருந்தது. தாள் பைக்குள்ளேயே இருந்தது.

"எப்பிடியாவது கண்டுபிடிச்சிடுவீங்கல்லக்கா?" என்றாள் கயல்விழி. "நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். அந்த மூஞ்சியை ஒரே ஒரு தடவ கிட்டத்துல பாத்துட்டா போதும்."

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுல்தானாவின் முகத்தைப் பார்த்தபடியே, அவள் பதிலுக்காக நின்றாள்.